நாலு பேருக்கான அருங்காட்சியகம்

சிவகாசிப் பக்கம் நான் வடிவமைக்கப்போகும் அருங்காட்சியகத்தை, அதற்காக ஒரு கோடுகூடப் போடுவதற்கு முன்பே, மதுரை விமான நிலைய வாசலில் பார்த்துவிட்டேன்.

என்னை அழைத்துப்போக வந்த ஓட்டுநர் ஒரு காலண்டர் அட்டையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார். அட்டையின் பின்பக்கம் ஸ்கெட்ச் பேனாவால் 'மலேசியா செல்வி மேடம்' என்று எழுதியிருந்தது. நான் கையசைத்ததும் அட்டையைத் திருப்பி என் கையில் கொடுத்தார். முன்பக்கத்தில் வெள்ளைப் பளிங்கு மாளிகை ஒன்று. நான்கு குவிமாடங்கள். முன்னால் ஏரி, ஏரியில் இரண்டு அன்னங்கள். பின்னால் பனிமலை. அடியில் தங்க எழுத்தில், 'விரைவில் எம். புதுப்பட்டியில் பட்டாசுப் பண்பாட்டு அருங்காட்சியகம்.'

"இதை யார் வரைந்தது?" என்று கேட்டேன்.

"நம்ம கம்பெனிலதான் மேடம். ஆடிப் பெருக்குக்கு அடுத்த வருசக் காலண்டர் வெளிய வந்தாகணும்லா? படம் வேணும்னாக. நீங்க வர லேட்டாயிருச்சு" என்றார், தப்பு என்னுடையது என்பதுபோல.

நான் ஈப்போவிலிருந்து வருகிறேன். சின்ன ஊர்களுக்குச் சின்ன அருங்காட்சியகங்கள் அமைத்துத் தருவது என் வேலை. ஈயம் தோண்டிய ஊரில் ஈயத்துக்கு, ரப்பர் தோட்டம் இருந்த இடத்தில் பால் வெட்டியவர்களுக்கு. கட்டடம் அந்தந்த நிலத்திலிருந்து எழுந்ததுபோல இருக்க வேண்டும் என்று எங்கே கூப்பிட்டாலும் பேசுவேன். அப்படிப் பேசிய ஒரு இணையக் கூட்டத்தைப் பார்த்துத்தான் ரத்தினசாமி அண்ணாச்சி என்னை அழைத்திருந்தார். பட்டாசு ஆலையும் அச்சகமும் நடத்தும் குடும்பத்தின் மூத்தவர், அவர்களுடைய அறக்கட்டளையின் தலைவரும் அவரே. 'நீங்க சொல்ற மாதிரியே நம்ம மண்ணுலேருந்து எழும்பணும்மா' என்று தொலைபேசியில் சொல்லியிருந்தார். பனிமலையை அப்போது சொல்லவில்லை.

காரின் பின் இருக்கையில் பாதி காலண்டர் கட்டுகள். மீதிப் பாதியில் நான். காரியாபட்டியில் டயர் பஞ்சர். ஓட்டுநர் சக்கரத்தைக் கழற்றுகிற நேரத்தில், பக்கத்து டீக்கடைக்காரருக்கு நட்பின் அடையாளமாக ஒரு காலண்டரைக் கொடுத்தார். ஐந்து நிமிடத்தில் டீ குடிக்க வந்த அத்தனை பேரும் அதைச் சூழ்ந்து நின்றார்கள்.

"இது எங்கன இருக்கு?"

"புதுப்பட்டில."

"புதுப்பட்டிலயா? போன வாரம்கூடப் போனேனப்பா. கண்ணுல படலையே!"

கட்டுகிறவர் இதோ நிற்கிறார் என்று ஓட்டுநர் என்னைக் கைகாட்டினார். ஒரு பெரியவர் அருகில் வந்து, மிகுந்த மரியாதையோடு, "போட்டிங் உண்டா மேடம்?" என்று கேட்டார். ஏரி இன்னும் வரவில்லை என்றேன். அவர் புரிந்துகொண்டதுபோலத் தலையாட்டினார்.

விருதுநகரில் சாப்பாடு. எண்ணெயில் முக்கிப் பொரித்த பரோட்டா. எங்கள் ஊர் ரொட்டி சானாய் கைக்குட்டைபோல மடங்கும். இது முறுக்குபோல நொறுங்கியது. நொறுக்கி, சால்னாவை ஊற்றி, அது ஊறுவதற்குள் தின்றுவிட வேண்டும். பரிமாறியவர் "இன்னொண்ணு வைக்கவா?" என்றார். போதும் என்றேன். இரண்டு வைத்தார்.

மறுநாள் காலை அண்ணாச்சியைச் சந்தித்தேன். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, சத்தம் போடாத பேச்சு. காலண்டரைப் பற்றி நான் வாயைத் திறக்கும் முன்பே கையைத் தூக்கினார்.

"அதே மாதிரி வேணும்னு நான் சொல்லலம்மா. ஆனா சனங்க பாத்துட்டாக. ஒரு அன்னமாச்சும் வேணும்."

வரைவதற்கு முன் ஆலையைப் பார்க்க வேண்டும் என்றேன். தாராளமாகப் போகலாம் என்றார். ஆனால் வாசலில் என்னைத் தடுத்துவிட்டார்கள். தடுத்தவர் சண்முகத்தாய், அங்கே போர்மேன். ஐம்பதை நெருங்கும் வயது, எண்ணெய் வைத்து இறுக்கிய கொண்டை. என் சட்டைத் துணியை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார்.

"இது என்ன துணி?"

"கசங்காத துணி. பயணத்துக்கு வசதி."

"கசங்காது. தீ புடிச்சா தோலோட ஒட்டிக்கிரும். வேற இல்லையா?"

நான் கொண்டுவந்த பெட்டி முழுக்கக் கசங்காத துணிதான். சண்முகத்தாய் பெருமூச்சுவிட்டு, விஸ்வநத்தத்தில் இருக்கும் தன் வீட்டுக்குச் சொல்லியனுப்பி ஒரு பருத்தி நைட்டியும் தோளில் போட ஒரு துண்டும் வரவழைத்தார். நைட்டியில் பெரிய பெரிய சூரியகாந்திப் பூக்கள். கைக்கடிகாரம், கொண்டை ஊசி, துண்டில் நான் குத்திக்கொண்ட ஊக்கு, செல்பேசி, செருப்பு எல்லாவற்றையும் களையச் சொன்னார். எல்லாம் முடிந்ததும் தள்ளி நின்று பார்த்தார்.

"இப்பத்தான் மேடம் எங்க ஊரு ஆளு மாதிரி இருக்கீக."

இருபத்தைந்து வருடத் தொழில் வாழ்க்கையில் நைட்டியோடு களஆய்வுக்குப் போனது அதுதான் முதல் தடவை. போன சிறிது நேரத்தில் அண்ணாச்சி அறக்கட்டளை உறுப்பினர்களோடு எதிரே வந்தார். யாரும் முகம் மாறவில்லை. "சாப்பிட்டீகளா?" என்று மட்டும் கேட்டார்கள்.

ஆலை என்றதும் நான் பெரிய கட்டடம் ஒன்றைக் கற்பனை செய்திருந்தேன். அங்கே இருந்தவை சின்னச் சின்ன அறைகள். அவர்கள் பேச்சில் ரூம்பு. ஒவ்வொன்றும் தனித்தனியாக, ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில், நடுவில் வேப்ப மரங்களோடு. ஒவ்வொன்றுக்கும் நாலு பக்கமும் வாசல். வாசலில் ஒரு செம்புத் தகடு. அதைத் தொட்டு, உடம்பில் இருக்கும் மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் உள்ளே காலெடுத்து வைக்க வேண்டும். மருந்து அடைக்கும் ரூம்பில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது.

ஐந்தாவது ஆள் நான். ஆகவே நான் உள்ளே போகும்போதெல்லாம் ஒருவர் வெளியே போக வேண்டியிருந்தது. தீபாவளி சீசன், மூச்சுவிட நேரமில்லாத வேலை. வெளியே போனவர் வேப்ப மரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்துவிடுவார். இந்தச் செய்தி எப்படியோ எனக்கு முன்னால் பரவிவிட்டது. நான் எட்டிப் பார்க்காத ரூம்பிலிருந்தெல்லாம், "மேடம், இங்கன வாங்க, இங்கனயும் பாக்க நெறைய இருக்கு" என்று அழைப்பு வந்தது. மத்தியானத்துக்குள் அந்த ஆலையில் என்னைப்போல விரும்பப்பட்ட விருந்தாளி வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

"ஒங்க ஊர்ல தீவாளிக்கு என்ன வெடி போடுவீக?" என்று சண்முகத்தாய் கேட்டார்.

நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது கடையில் வெடி விற்கத் தடை இருந்தது என்றும், திருட்டுத்தனமாக வாங்கி ஒளித்து வைப்போம் என்றும் சொன்னேன்.

"ஒளிச்சா? எங்கன?"

"கட்டிலுக்கு அடியில்."

அவர் கண்ணை மூடித் திறந்தார். அன்று பிற்பகல் முழுவதும் ஒவ்வொரு ரூம்பு வாசலிலும் நின்று, "கட்டிலுக்கு அடியில வைப்பாகளாம்ட்டி" என்று என்னை அறிமுகப்படுத்தினார். உள்ளே இருந்த நாலு பேரும் என்னை இரக்கத்தோடு பார்த்தார்கள்.

எங்கள் ஈப்போவில் மத்தியானம் தவறினாலும் மழை தவறாது. இங்கே மேற்கில் ஒரு துண்டு மேகம் தெரிந்ததும், காயப்போட்ட சரங்களை அள்ள எல்லோரும் ஓடினார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் உழுத கரிசலில் ஒருவர் அதே மேகத்தை இடுப்பில் கைவைத்து ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தாளு வா வாங்காரு, நாங்க போ போங்கோம்" என்றார் சண்முகத்தாய். மேகம் யாருக்கும் கட்டுப்படாமல் தென்காசிப் பக்கம் போய்விட்டது.

மூன்றாம் நாள் புதுப்பட்டியில் இடத்தைப் பார்த்தோம். சீமைக் கருவேலம் மண்டிய கரிசல் காடு. வெடிப்புகளில் என் கை முழங்கைவரை போனது. இந்த மண் மழையில் ஊதும், வெயிலில் பிளக்கும். பளிங்கு மாளிகையை இதன்மேல் வைத்தால் இரண்டாம் வருடம் அன்னங்களுக்கு நடுவே விரிசல் ஓடும்.

முள்ளுக்கு நடுவில் ஒரு சிமெண்டுத் தளம் கிடந்தது. ஒரு மூலை உடைந்து, பாதிக்குமேல் கறுத்துப்போய். ஏறி நின்று டேப் வைத்து அளந்தேன். பத்தடிக்குப் பன்னிரண்டடி.

"இது என்ன?" என்று மேனேஜர் பால்ராஜிடம் கேட்டேன்.

"வாலிபால் கோர்ட்டு மேடம். ஆரம்பிச்சாக, முடிக்கல."

பத்தடியில் வாலிபாலா என்றேன். அவர் யோசித்து, "நெல்லு காயப்போடுற களமாவும் இருக்கலாம்" என்றார். அந்த வட்டாரத்தில் நான் நெல்லைப் பார்க்கவில்லை. காவல்காரர் குறுக்கிட்டு, ஹெலிகாப்டர் இறங்கப் போட்டது என்றார். யாருடைய ஹெலிகாப்டர்? "வந்தா எறங்கட்டும்னுதான்" என்றார்.

சண்முகத்தாய் தளத்தின் பக்கமே வரவில்லை. திரும்பி வரும்போது, வேனில் என் பக்கத்தில் உட்கார்ந்து, முன்னால் இருந்த பால்ராஜுக்குக் கேட்காதபடி சொன்னார்.

"அது பதினொண்ணாம் நம்பர் ரூம்பு மேடம். முந்தி கம்பெனி அங்கனதான் இருந்துச்சு. மேல இருந்தது போயிருச்சு. கீள இருந்தது கெடக்கு."

நான் டேப்போடு அதன்மேல் நடந்த நடையை நினைத்துக் கூசிப்போனேன். 

அறைக்குப் போனதும் வரைந்தேன். இந்த நிலத்தில் மனிதர்கள் ஏற்கெனவே ஒரு கட்டடக்கலையைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். நான் புதிதாக எதையும் எழுப்ப வேண்டியதில்லை. சின்ன ரூம்புகள், நாலு வாசல், ஒரு நேரத்தில் நாலு பேர். ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வெயிலில் நடந்து, வேப்ப நிழலில் காத்திருந்து பார்க்க வேண்டும். நடுவில் அந்தத் தளம், இருக்கிறபடியே, கூரையில்லாமல்.

வெள்ளிக்கிழமை ஒரு கல்யாண மண்டபத்தில் உறுப்பினர்களும் குடும்பத்தாரும் கூடினார்கள். அச்சகத்தின் அட்டைப்பெட்டிப் பிரிவினர் ஒரே நாளில் என் வரைபடத்துக்கு மாதிரி செய்து கொண்டுவந்திருந்தார்கள். உண்மையான தீப்பெட்டிகளை ஒட்டிச் செய்திருந்தார்கள். அது குற்றமில்லை. ஆனால் முன்பே வந்திருந்த ஆர்டர்படி பளிங்கு மாளிகையையும் செய்து முடித்திருந்தார்கள். அதற்கு மாலை போட்டிருந்தது. பக்கத்தில் என்னுடையது யாரோ கைதவறிக் கொட்டியதுபோல இருந்தது.

"ஏசி இல்லையா?" என்றார் ஒருவர். "நாலு நாலு பேராப் போனா, ஒரு கல்யாண வீட்டுக் கூட்டம் பாத்து முடிக்க எம்புட்டு நேரம் ஆகும்?" என்றார் இன்னொருவர். "அன்னம் எங்கன?" என்று ஒரு அம்மாள் தீப்பெட்டிகளுக்கு நடுவே குனிந்து தேடினார்.

மாதிரிகளுக்குப் பக்கத்து மேசையில் காட்சிக்கு வைக்கப் பட்டாசுகள். பூச்சட்டி, சக்கரம், சரம். அருங்காட்சியகத்தில் நிஜப் பட்டாசு வைக்க முடியாது என்பதால், மருந்துக்குப் பதில் கரிசல் மண்ணை அடைத்து, அதே தாளை ஒட்டித் தனியாகச் செய்யச் சொல்லியிருந்தேன். மேசையை ஒட்டியே குத்துவிளக்கு. அண்ணாச்சி எரியும் மெழுகுவத்தியோடு விளக்கை நோக்கி வந்தார். வழிவிட வேண்டி சண்முகத்தாய் ஒரு பூச்சட்டியைத் தூக்கினார். தூக்கிய கை எடை பார்ப்பதுபோல அப்படியே நின்றது. இன்னொன்றைத் தூக்கினார்.

"அண்ணாச்சி, தீய அணைங்க."

"என்னம்மா?"

"இது மண்ணு இல்ல."

அண்ணாச்சி விரலால் திரியை நசுக்கினார். அதன்பிறகு நான் பார்த்ததை இப்போது நினைத்தாலும் வியப்பாக இருக்கிறது. எங்கள் ஊரில் தீ ஒத்திகை மணி அடித்தால், காப்பிக் கோப்பையை எங்கே வைப்பது என்று பேசிக்கொண்டே இறங்குவோம். இங்கே ஒரு சத்தம் இல்லை. பட்டுச் சேலைகளும் சலவை வேட்டிகளும் அவரவருக்குக் கிட்டத்தில் இருந்த வாசலைப் பார்த்துத் திரும்பி, நெருக்காமல், ஓடாமல், வெளியேறின. சமையற்கட்டில் அடுப்பை அணைத்துவிட்டு சமையல்காரர்கள் பின்பக்கம் போனார்கள். கண்ணை மூடித் திறப்பதற்குள் மண்டபம் காலி. நான் மட்டும் என் தீப்பெட்டி மாதிரியை எப்படித் தூக்குவது என்று பார்த்துக்கொண்டு நின்றேன். சண்முகத்தாய் என் பின்கழுத்துத் துணியைப் பிடித்து இழுத்தார்.

"பெட்டியப் போடுங்க மேடம்!"

வெளியே வேப்ப மரத்தடியில் அண்ணாச்சி அணைந்த மெழுகுவத்தியைக் கையில் வைத்துக்கொண்டே பால்ராஜைக் கூப்பிட்டார்.

"ஏலே, அப்ப அந்த மண்ணு எங்கலே போச்சு?"

பால்ராஜ் ஓரடி தள்ளி நின்றுகொண்டார். "ஐதராபாத் லோடுல ஏறிப் போயிருச்சு போலருக்கு அண்ணாச்சி. பெட்டி ரெண்டும் ஒண்ணுபோல இருந்துச்சு."

ஆலையிலிருந்து ஆட்கள் வந்து மேசையிலிருந்ததை வேனில் எடுத்துப்போனார்கள். யாருக்கும் மறுபடி உள்ளே போக மனமில்லாததால், கூட்டம் தெருவிலேயே தொடர்ந்தது. அண்ணாச்சி மண்டபத்தைப் பார்த்தபடி கேட்டார்.

"இதுக்கு எத்தன வாசல்?"

"மூணு. ஒண்ணுல நாற்காலிய அடுக்கி வச்சிருந்தாக" என்றார் சண்முகத்தாய்.

"மேடம், ஒங்க ரூம்புக்கு?"

"நாலு" என்றேன்.

அண்ணாச்சி மெழுகுவத்தியைப் பால்ராஜ் கையில் கொடுத்தார். பிறகு, "இதையே கட்டுவோம்" என்றார்.

"அண்ணாச்சி, காலண்டர் போயிருச்சே!" என்றார் ஒரு உறுப்பினர்.

"காலண்டர்தானே, அடுத்த டிசம்பரோட கிளிஞ்சிரும். அன்னத்துக்கு நான் பதில் சொல்லிக்கிடுதேன்."

சனிக்கிழமை அலுவலகத்தில் உட்கார்ந்து சாத்தூர்க் காராச்சேவைக் கொறித்துக்கொண்டிருந்தபோது ஐதராபாத் வியாபாரி அழைத்தார். பால்ராஜ் ஒலிபெருக்கியில் போட்டு, தெலுங்கை வரிவரியாக அண்ணாச்சிக்குத் தமிழாக்கினார். நானும் கேட்டேன். "சரக்கு வந்தது. சாம்பிள் ஒன்று கொளுத்திப் பார்த்தேன். திரி அருமையாக எரிந்தது. அதன்பிறகு அமைதி. புகை இல்லை, சத்தம் இல்லை. இதுதான் புதிதாக வந்திருக்கும் பசுமைப் பட்டாசா? எங்கள் பகுதியில் நன்றாகப் போகும். இன்னும் அனுப்ப முடியுமா?"

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் சேவைப் பார்த்தேன். வேறு லோடு அனுப்புவதாகச் சொல்லச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை ஆலைக்கு விடுமுறை. திட்டத்தைத் தரையில் குறித்துப் பார்க்கலாம் என்று புதுப்பட்டிக்குப் போனோம். முள்ளை வெட்டி ஒதுக்கியிருந்தார்கள். சுண்ணாம்புத் தூளால் ஒவ்வொரு ரூம்பையும் கோடு போட்டேன், வாசலுக்கு இடம்விட்டு. சண்முகத்தாய் வேனில் பெண்களை அழைத்து வந்திருந்தார். சுவரில்லாத ரூம்புகளில் நாலு நாலு பேராக நின்று, ஒரு ரூம்பிலிருந்து இன்னொன்றுக்குக் கத்திப் பேசிக்கொண்டார்கள். ஒருத்தி கோட்டைத் தாண்டிப் போனதற்கு, "சொவத்துல முட்டிக்காதட்டி" என்று மற்றவர்கள் சிரித்தார்கள். அங்கே இல்லாத செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே போனவர்களும் உண்டு.

அண்ணாச்சிக்கு மனம் நிறைந்துவிட்டது. நடந்து நடந்து பார்த்தார். கடைசியாகத் தளத்தின் அருகே நின்றார்.

"எல்லாம் சரிம்மா. இத மட்டும் ஒடச்சு எடுத்துட்டு, இங்கன எங்க அய்யா செலைய வச்சிருவோம். கம்பெனிய ஆரம்பிச்சவரு அவருதான்."

நான் நிமிர்ந்தேன். "அதை எடுத்தால் மற்றதை நான் வரைந்து தர மாட்டேன் அண்ணாச்சி."

"அது வெறும் தளம். எப்பவோ ஒரு விபத்து. ரெக்கார்டுல இருக்கு. ரூம்புல நாலு பேரு இருந்தாக. அம்புட்டும் முறைப்படிதான் இருந்துச்சு."

சண்முகத்தாய் எங்களுக்குப் பின்னால் நின்றிருந்தார். அதுவரை அந்தத் தளத்தில் கால் வைக்காதவர், செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். ஏறி நின்று பெண்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். "முத்துலச்சுமி, வா. காளியம்மா. தனம், நீயும்." ஒவ்வொருத்தியாக வந்து ஏறினார்கள். நாலு பேர் ஆனதும் மற்றவர்கள் தயங்கினார்கள். "வாங்க" என்றார். ஐந்து, ஆறு. சிரிப்பு நின்றுவிட்டது. ஏழு, எட்டு. அவரோடு ஒன்பது பேர். நடுவே மருந்துத் தட்டுகளுக்கு என்று கையால் ஒதுக்கி இடம்விடச் சொன்னார். தோளோடு தோள் இடித்து நின்றார்கள்.

"அன்னிக்கு இம்புட்டுப் பேரு இருந்தோம் அண்ணாச்சி. சீசன். ஆர்டர் நின்னுச்சு."

அண்ணாச்சி எண்ணினார். உதடு அசைந்ததைப் பார்த்தேன். இரண்டாம் தடவையும் எண்ணினார்.

"அய்யாவுக்குத் தெரியுமா?" என்றார்.

"அவுகதான் ஒக்காரச் சொன்னாக."

பால்ராஜ் காருக்குப் போய் எதையோ தேடத் தொடங்கினார். காற்று சுண்ணாம்பைக் கொஞ்சம் கிளப்பிவிட்டது. அண்ணாச்சி தன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். எதற்கு என்று அவருக்கே தெரிந்ததாகத் தோன்றவில்லை. தளத்தில் ஏறவுமில்லை.

"இது கெடக்கட்டும்மா" என்றார் என்னிடம். "ஒம்பதுன்னே எழுதுங்க." வெறுங்காலோடு கட்டாந்தரையில் கார்வரை நடந்து போனார். சிலையைப் பற்றி அப்புறம் பேச்சே வரவில்லை.

பெண்கள் இறங்கினார்கள். சண்முகத்தாய் மட்டும் தளத்தின் கிழக்கு ஓரத்தில் நின்றார்.

"கெழக்கு வாசல் இங்கன இருந்துச்சு மேடம். நானும் எம்பக்கத்துல ஒக்காந்திருந்த சரசும் ஒண்ணாத்தான் வாசலுக்கு வந்தோம். வாசல்ல ஒருத்திக்குத்தான் எடம்."

நான் பக்கத்தில் போய் நின்றேன். அவர் என் கையிலிருந்த சுண்ணாம்புச் சட்டியை வாங்கிக்கொண்டு, கிட்டத்தில் இருந்த முதல் ரூம்பின் கோட்டுக்குப் போனார். நான் விட்டிருந்த வாசலைக் காலால் அளந்தார். தலையை ஆட்டினார். இரண்டு பக்கமும் கோட்டைக் காலால் அழித்துவிட்டு, முத்துலட்சுமியைக் கூப்பிட்டு உள்ளே நிறுத்தினார். இருவரும் கைகோக்காமல், தோள் உரச, ஒரே நேரத்தில் வெளியே நடந்து வந்தார்கள். முத்துலட்சுமியின் முழங்கை, அங்கே இல்லாத சுவரில் பட்டது.

"இன்னும் ஒரு சாண்" என்றார் சண்முகத்தாய்.

நான் குனிந்து அழித்தேன்.